பதினெட்டு கிலோ தேங்காய் பாஸ்!

சாரம் அவ்வைத் திடல் பக்கம் டீ குடிச்சுக்கிட்டே, "நம்ம பாண்டிக்கும் செஷல்ஸ் தீவுக்கும் என்ன சம்பந்தம்?"னு கேட்டுப் பாருங்க. ஃப்ரெண்ட்ஸ் ஒரு மாதிரி பார்ப்பாங்க. பதில், ஒரு தேங்காய்!

நாட்டு மருந்துக் கடைகளில் 'கடல் தேங்காய்' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். உலகின் மிகப் பெரிய விதை இதுதான். ஒன்று 18 கிலோ வரைக்கும் தேறும். ரெண்டு தேங்காயை ஒட்டவெச்ச ஷேப். (அதை வெச்சு கிண்டலடிக்க வேண்டாம், எல்லாரும் எப்பவோ அடிச்சாச்சு!) மாலத்தீவுக் கரையில் ஒதுங்கும், மரத்தை மட்டும் யாரும் பார்த்ததில்லை. அதனால் கடலுக்கடியில் காய்க்கிறது என்றே நம்பினார்கள். விஷத்தை முறிக்கும் என்று ராஜாக்கள் அள்ளிக் கொடுத்து வாங்கினார்கள்.

1768-ல் செஷல்ஸின் பிராலின் தீவில் பிரெஞ்சுக்காரர்கள் மரத்தைக் கண்டுபிடித்தார்கள். அடுத்த வருஷமே ஒரு கேப்டன் கப்பல் நிறைய ஏற்றி இந்தியாவில் இறக்க, விலை பொத்துனு விழுந்தது. பேராசை பெருநஷ்டம்! 1776-ல் வந்த தன் பயணப் புத்தகத்தில் இந்த மரத்தைப் பற்றி எழுதியவர் பியர் சொன்னரா. பிற்பாடு பல வருஷம் புதுச்சேரியில் வாழ்ந்த அதே ஆள்தான். நம்ம காட்டுக்கோழியோட அறிவியல் பேரிலும் இவர் இருக்கார்.

சரி, கடலில் மிதந்தும் ஏன் வேறெங்கும் முளைக்கவில்லை? உயிருள்ள விதை தண்ணீரில் மூழ்கிவிடும். மிதந்து வந்ததெல்லாம் உள்ளே அழுகிப்போன வெற்றுக் கூடு!

ஆக, இயற்கையாக வளர்வது பிராலின், கியூரியஸ் என்ற இரண்டே தீவுகளில். பனை மாதிரியே ஆண் மரம், பெண் மரம் தனித்தனி. மண்ணில் சத்து கம்மி. ஆனால் மரம் செம கில்லாடி. விசிறி ஓலை புனல் மாதிரி மழைநீரோடு தூசு, மகரந்தம் எல்லாத்தையும் பிடித்து அடிமரத்துக்கு அனுப்பும். அந்த உரத்தில்தான், அம்மா நிழலிலேயே கன்று வளரும். முதல் காய்க்கு 25 வருஷத்துக்கு மேல், அது முற்ற இன்னும் ஆறேழு வருஷம்.

இவ்வளவு காத்திருந்து விழும் விதையைத்தான் திருடுகிறார்கள், பருப்புக்காக. விதை போனால் கன்று ஏது? 2011-லேயே அழியும் ஆபத்துப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. முழுக் கொட்டையை நாட்டைவிட்டு எடுத்துப்போக அரசு பர்மிட் வேணும். அடுத்த தடவை மருந்துக் கடையில் அந்த வெள்ளைத் துண்டைப் பார்த்தால், "அண்ணே, இது எங்கேர்ந்து வந்துச்சு?"னு கேளுங்க. முறைச்சாலும் கேளுங்க.