ரெக்கார்டு நோட்டுக்கு வெளியே

சின்னமனூரிலிருந்து மலையேறினால் வரும் ஹைவேவிஸ் தேயிலைத் தோட்டப் பகுதியில் 1948-ல் ஒரு வௌவால் பிடிபட்டது. பிடித்தவர் ஆங்கஸ் ஹட்டன். தேயிலைத் தோட்டத்தில் வேலை, மற்ற நேரமெல்லாம் பறவை, பூச்சி, விலங்கு என்று அலைந்தவர். பாடம் செய்யப்பட்ட அந்த வௌவால் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே அதை ஊரெங்கும் காணப்படும் குட்டைமூக்குப் பழவௌவால் என்று கருதி இழுப்பறைக்குள் வைத்துவிட்டார்கள். 24 ஆண்டுகள் கழித்துத் தாய்லாந்து விலங்கியலாளர் கிட்டி தோங்லோங்யா அதை எடுத்து மறுபடி ஆராய்ந்தபோதுதான், அது புதிய இனம் மட்டுமல்ல, புதிய பேரினமே என்று தெரிய வந்தது. 1972-ல் அதற்குப் பறவையியலாளர் சலீம் அலியின் பெயரைச் சூட்டினார்கள். உலகின் மிக அரிய வௌவால்களில் ஒன்று, தேனி மாவட்டத்துக்காரர்!

ஆனால் அதைக் கண்டுபிடித்த கதையில் தேனிக்காரர் யாரும் இல்லை. காரணம் எளிது. 1948-ல் கம்பம் பள்ளத்தாக்கில் கல்லூரியே கிடையாது. உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி வந்தது 1956-ல். பெரியகுளத்தில் கத்தோலிக்க அருட்சகோதரிகள் நடத்தும் ஜெயராஜ் அன்னபாக்கியம் மகளிர் கல்லூரி வந்தது 1971-ல். அதற்கு முன்பெல்லாம் படிக்க வேண்டுமென்றால் மதுரைக்குத்தான் பஸ் ஏற வேண்டும். அமெரிக்க மிஷனரிகள் 1881-ல் தொடங்கிய அமெரிக்கன் கல்லூரியும், 1948-ல் பிறந்த லேடி டோக் கல்லூரியும் இந்தப் பள்ளத்தாக்கிலிருந்து போன எத்தனையோ பிள்ளைகளுக்கு அறிவியலைக் கற்றுக்கொடுத்தன.

இன்று அந்தப் பற்றாக்குறை இல்லை. தாவரவியல், விலங்கியல், வேதியியல், நுண்ணுயிரியல் என்று துறைகள் பெருகிவிட்டன. துறைகளிலிருந்து செய்திகளும் வாரந்தோறும் வருகின்றன. மன்றத் தொடக்க விழா, தேசிய அறிவியல் நாள், ஓசோன் நாள், மரக்கன்று நடுதல், வினாடி வினா, ரங்கோலி, ஒருநாள் கருத்தரங்கு, ஆண்டுக்கொரு முறை ஐ.வி. எனப்படும் தொழிற்சாலைப் பயணம். குத்துவிளக்கு ஏற்றப்படும், சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்தப்படும், நினைவுப் பரிசு வழங்கப்படும். கிறிஸ்தவக் கல்லூரியானால் தொடக்கத்தில் ஒரு ஜெபமும் இருக்கும். கடைசியில் எல்லோரும் ஃபிளெக்ஸ் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள்.

அந்தப் படம் சாதாரணப் படமாக இருந்தால் போதாது. கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழுவுக்கு வைக்கும் கோப்பில் ஜியோடேக் படம் வேண்டும். அட்சரேகை, தீர்க்கரேகை, நாள், நேரம் எல்லாம் படத்தின் மூலையில் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. இதே விவரங்களை ஒரு செடியின் பக்கத்திலோ ஒரு வௌவாலின் பக்கத்திலோ எழுதி வைத்தால் அது அறிவியல் ஆவணம். இங்கே அந்த விவரங்கள் கருத்தரங்கக் கூடம் நேற்று எந்த இடத்தில் இருந்ததோ அதே இடத்தில்தான் இன்றும் இருக்கிறது என்பதை நிரூபிக்கப் பயன்படுகின்றன.

விழாக்களே வேண்டாம் என்பது வாதமல்ல. மேடை ஏறிப் பேசப் பழகுவது மாணவிகளுக்கு நல்லதுதான். ஆனால் விழா முடிந்த மறுநாள் துறையில் என்ன மிஞ்சுகிறது என்று கேட்க வேண்டும். இதை எல்லாக் கல்லூரிகளிடமும் கேட்கலாம். கிறிஸ்தவக் கல்லூரிகளிடம் கூடுதல் உரிமையோடு கேட்கலாம். ஏனென்றால் தமிழ்நாட்டில் இயற்கையைப் பார்த்து எழுதி வைக்கும் பழக்கத்துக்கு வழிகாட்டியவர்களில் அவர்களுடைய முன்னோர்களும் முக்கியமானவர்கள்.

பெரியகுளத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தால் பழனி மலை. கும்பக்கரை வழியாக, வெள்ளகவி வழியாகச் செல்லும் பழைய நடைபாதை மேலே செண்பகனூரை அடையும். அங்கே 1895-ல் சேசு சபையினர் திரு இருதயக் கல்லூரியை நிறுவினார்கள். குருமாணவர்களுக்குப் பயிற்சி அளித்த இடம். கூடவே ஒரு இயற்கை வரலாற்று அருங்காட்சியகமும் வளர்ந்தது. பாதிரியார்கள் சோலைக்குள் நடந்தார்கள், பூச்சிகளையும் பாம்புகளையும் சேகரித்தார்கள், செடிகளை வண்ணத்தில் வரைந்தார்கள். பழனி மலையின் கற்திட்டைகளைப் பற்றி 1928-ல் இந்தியத் தொல்லியல் துறை வெளியிட்ட நூலை எழுதியவர்களும் அங்கிருந்த பாதிரியார்கள்தான். யாரும் அவர்களிடம் கோப்பு கேட்கவில்லை.

அந்த மரபின் பெரிய அறுவடை திருச்சியில் நடந்தது. தூய வளனார் கல்லூரியில் 1967-ல் ராபினாட் ஹெர்பேரியம் என்னும் உலர்தாவரக் காப்பகத்தைத் தொடங்கிய கே.எம். மேத்யூ என்ற சேசு சபைத் துறவி, தமிழ்நாட்டின் ‘கர்நாடிக்’ பகுதித் தாவரங்களை ஊர் ஊராகச் சேகரிக்கத் தொடங்கினார். ஆய்வு மாணவர்களும் உதவியாளர்களும் கூடவே அலைந்தார்கள். ஒவ்வொரு செடியும் தாளில் ஒட்டப்பட்டு, எந்த ஊர், எந்த உயரம், எந்த நாள், யார் பறித்தது என்ற சீட்டோடு அலமாரிக்குள் போனது. 1981-லிருந்து 1988 வரை அந்தத் தாவரவியல் தொகுதிகள் வெளிவந்தன. 1999-ல் பழனி மலைத் தாவரங்களைப் பற்றி மூன்று தொகுதிகள். 2004-ல் அவர் இறந்தார். இன்று பழனி மலையில் ஒரு செடியை அடையாளம் காண வேண்டுமென்றால் எந்த மதத்துக்காரரும், எந்தப் பல்கலைக்கழகத்துக்காரரும் அந்தத் தொகுதிகளைப் புரட்டாமல் தப்ப முடியாது.

சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் இந்தப் பழக்கத்துக்குச் சான்றுகள் உண்டு. எட்வர்ட் பார்ன்ஸ் அங்கே வேதியியல் பேராசிரியர். பாடம் வேதியியல், பித்து தாவரவியல். மலைகளில் அவர் சேகரித்த செடிகளில் ஒன்றுக்கு அவர் பெயரே இனப்பெயராக நிலைத்துவிட்டது. அதே கல்லூரியில் பின்னாளில் புள்ளியியல் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி, கணிதப் பேராசிரியர் ராணி சிரோமணி, அவர்களிடம் ஆய்வு மாணவியாக இருந்த கமலா கிருத்திவாசன் மூவரும் வாசலில் பெண்கள் போடும் புள்ளிக் கோலத்தை எடுத்துக்கொண்டார்கள். ஒரு கோலம் எந்த விதிகளின்படி வளர்கிறது என்பதைக் கணினி மொழிக் கோட்பாட்டின் இலக்கணமாக எழுதினார்கள். 1974-ல் வெளியான அந்தக் கட்டுரை இன்றும் கணினித் துறையில் மேற்கோள் காட்டப்படுகிறது. ஆக, அறிவியல் துறையில் ரங்கோலிப் போட்டி நடத்துவதில் தவறே இல்லை. பரிசு கொடுத்தபின் கோலத்தைக் கூட்டிப் பெருக்கிவிட்டுப் போய்விடுவதுதான் குறை.

இனிப் பள்ளத்தாக்குக்கு வரலாம். இங்கே எதைப் பதிவு செய்வது என்று கேட்பவர், கம்பத்திலிருந்து ராயப்பன்பட்டி வரை ஒருமுறை பந்தல்களுக்கு இடையே போய்வந்தால் போதும். பன்னீர் திராட்சை. வேறு பல ஊர்களில் திராட்சைக்குப் பருவம் உண்டு, இங்கே ஏதாவது ஒரு தோட்டத்தில் ஆண்டு முழுக்க வெட்டு நடக்கும். 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது, 1832-ல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் இந்த ரகத்தைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்ற வரலாறு செய்தித்தாள்களில் வந்தது. பன்னீர் திராட்சையின் உலகப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். திராட்சை ஆராய்ச்சியாளர்களைக் கேட்டால், 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்துக் கண்ணாடி வீடு ஒன்றில் கலப்பினச் சேர்க்கையால் பிறந்த ரகம் அது என்பார்கள். பிறக்காத ரகத்தைப் பாதிரியார் எப்படிக் கொண்டுவந்தார்? அவர் கொண்டுவந்தது வேறு திராட்சையா, ஆண்டு பிசகா, இரண்டும் பிற்காலத்தில் கலந்துபோன கதையா? தாவரவியல், வரலாறு, மறைமாவட்ட ஆவணக் காப்பகம் மூன்றும் சேர்ந்தால்தான் அவிழும் முடிச்சு இது. கத்தோலிக்கக் கல்லூரியின் தாவரவியல் துறைக்கு இதைவிட இயல்பான ஆய்வுத் தலைப்பு கிடைக்குமா?

வரலாறு வேண்டாம் என்றால் பந்தலுக்கு அடியிலேயே வேலை இருக்கிறது. கவாத்து வெட்டிய நாள், பூத்த நாள், அடிச்சாம்பல் நோய் தலைகாட்டிய நாள், அடித்த மருந்து, பெய்த மழை. ஒரே தோட்டத்தில் ஐந்து விவரங்களைப் பத்து ஆண்டு எழுதி வைத்தால், விவசாயிக்கும் பயன்படும், வேளாண் பல்கலைக்கழகத்துக்கும் பயன்படும். வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் தோட்டமோ தோட்ட வேலையோ இருக்கும். விடியும் முன் ஜீப் பிடித்துக் கம்பம்மெட்டோ போடிமெட்டோ தாண்டி ஏலத்தோட்டத்துக்குப் போகும் அம்மாக்களின் மகள்கள்தான் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். பூச்சிக்கொல்லியின் வேதி அமைப்பைப் போர்டில் வரையும் ஆசிரியர், அதை முதுகில் சுமப்பவர் யார் என்று அந்த வகுப்பிலேயே கேட்கலாம்.

எழுதி வைக்காததற்கு என்ன விலை என்பதைப் பொட்டிப்புரம் காட்டியது. போடி மேற்கு மலையில், அம்பரப்பர் மலையைக் குடைந்து ஏறத்தாழ 2 கிலோமீட்டர் சுரங்கம் அமைத்து, 50,000 டன் இரும்பாலான நியூட்ரினோ உணர்கருவியை நிறுவும் திட்டத்துக்கு 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மதிப்பீடு 1,500 கோடி ரூபாய். மலை அதிருமா, ஊற்று வற்றுமா, கிணறு தாழுமா என்று ஊர்மக்கள் கேட்டார்கள். ஒன்றும் ஆகாது என்றார்கள் திட்டத்தினர். எல்லாம் போய்விடும் என்றார்கள் எதிர்ப்பாளர்கள். 2017-ல் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்தது. மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா 5 கிலோமீட்டருக்குள் இருந்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம். 2018-ல் மீண்டும் அனுமதி வந்தது. 2022-ல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் எதிர்ப்பைப் பதிவு செய்தது.

திட்டம் வேண்டும், வேண்டாம் என்பது வேறு விவாதம். பொட்டிப்புரத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் கோடையிலும் மழையிலும் தண்ணீர் எத்தனை அடியில் நின்றது என்று ஏதாவது ஒரு கல்லூரியின் இயற்பியல் துறை இருபது ஆண்டு எழுதி வைத்திருந்தால், இரு தரப்பும் அந்த நோட்டைத்தான் முதலில் தேடியிருக்கும். அதற்கு ஒரு கயிறு, ஒரு கல், மாதம் ஒரு முறை போய்வரும் இரண்டு மாணவர்கள் போதும். சிறப்பு விருந்தினர் தேவையில்லை.

ஆசிரியர்களின் பதிலும் தெரிந்ததுதான். செமஸ்டர் முறையில் பாடம் முடிப்பதே பெரும்பாடு. துறையில் பாதிப் பேர் தொகுப்பூதியத்தில் இருக்கிறார்கள். காட்டுக்குள் மாணவர்களைக் கூட்டிப்போகப் பயம். அந்தப் பயம் நியாயமானது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேற வந்தவர்கள் 20 பேருக்கு மேல் உயிரிழந்ததை இந்த மாவட்டம் மறக்காது. மேகமலை இன்று ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதி. வனத்துறை அனுமதியின்றி ஓர் இலையைக்கூடப் பறிக்க முடியாது. ஆனால் கிணறு காட்டுக்குள் இல்லை. திராட்சைப் பந்தலும், முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் பாயும் 14,707 ஏக்கர் இருபோக வயல்களும் காட்டுக்குள் இல்லை. நேரத்துக்கும் வழி இருக்கிறது. இறுதியாண்டு மாணவர் ஒவ்வொருவரும் புராஜெக்ட் செய்தே ஆக வேண்டும். இப்போது அவற்றில் பல, போன வருட புராஜெக்ட்டின் தலைப்பை மாற்றி பைண்டிங் செய்யப்படுபவை. அதற்குப் பதில் போன வருடம் பார்த்த அதே கிணற்றை, அதே பந்தலை இந்த வருடமும் பார்க்கச் சொன்னால் காப்பி அடிக்கவே வழியில்லாமல் போகும்.

தனியாசிரியரின் ஆர்வத்தை நம்பி இது நடக்காது. அவர் ஓய்வுபெற்ற அன்றே நோட்டும் ஓய்வுபெறும். நிறுவனம் பொறுப்பேற்க வேண்டும், கல்லூரி நடத்தும் துறவற சபைகளால் அது முடியும். பழனி மலையில் நீலக்குறிஞ்சி பூத்த ஆண்டுகளின் பட்டியல் 1838-லிருந்து பன்னிரண்டு ஆண்டுக்கொரு முறை 2018 வரை தொடர்கிறது. அப்படி ஒரு பட்டியல் எந்த ஒரு மனிதரின் ஆயுளிலும் அடங்காது.

அடுத்த பூப்பு 2030-ல். 2028 ஜூனில் இளங்கலையில் சேரும் மாணவி அப்போது மூன்றாம் ஆண்டில் இருப்பார். எந்தச் சரிவில், எந்த உயரத்தில், எந்த வாரத்தில் முதல் பூ என்று அவர் குறிக்க வேண்டுமானால், 2018-ல் எடுக்கப்பட்ட குறிப்புகள் அவர் கையில் இருக்க வேண்டும். பெரியகுளத்திலும் மதுரையிலும் உள்ள துறைத் தலைவர்கள் தங்கள் அலமாரிகளைத் திறந்து, அப்படி ஏதாவது இருக்கிறதா என்று இந்தப் பருவத்திலேயே தேடிப் பார்க்கட்டும். கிடைத்தால் அதைத் துறைச் செய்தியாகப் போடலாம், ஜியோடேக் இல்லாமலே.