சர்வர் கசிந்தால் ஆன்டி வைரஸ் என்ன செய்யும்?

ஆன்டி வைரஸ் போட்டாயிற்று, பாஸ்வேர்டும் மாற்றியாயிற்று. அந்தப் பாஸ்வேர்டு போய்ச் சேரும் சர்வர்?

தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றி அனுப்ப, சர்வர்கள் பயன்படுத்தும் ஓபன்எஸ்எஸ்எல் சி மொழியில் எழுதப்பட்டது. அதில் 2014 ஏப்ரலில் வெளிப்பட்ட பிழைதான் ஹார்ட்பிளீட். ஒரே எழுத்தை அனுப்பிவிட்டு, "64 கேபி அனுப்பினேன், திருப்பிக் கொடு" என்று கேட்டால் போதும். அளவைச் சரிபார்க்காமல், மெமரியில் பக்கத்தில் கிடப்பதையும் வாரிக் கொடுத்துவிடும். அதில் உங்கள் பாஸ்வேர்டும் இருக்கலாம்! சி மொழி இதைத் தடுக்காது, புரோகிராமர்தான் கவனிக்க வேண்டும். இரண்டு ஆண்டுகள் அப்படியே இருந்தது.

தாறுமாறான தகவல்களை ஓயாமல் அனுப்பிப் பார்ப்பது ஃபஸ் டெஸ்டிங். மெமரி எல்லை மீறலைக் காட்டும் கருவியோடு இதைச் சேர்த்தால், சில மணி நேரத்தில் அந்தப் பிழை சிக்கிவிடும் என்று 2015-ல் பத்திரிகையாளர் ஹன்னோ போக் செய்து காட்டினார். இந்தச் சோதனை செய்யாத சர்வர் மென்பொருளை வெளியிடவே கூடாது என்பேன். நேரமில்லை என்பார்கள். கம்ப்யூட்டர்தானே ராத்திரி முழுக்க உழைக்கப் போகிறது?