வெயில் பொது, கூரை யாருடையது?

ஞாயிறு, பரிதி, கதிரவன், வெய்யோன் எனப் பகலவனைக் குறிக்கத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. ஆயினும் இன்று கடைத்தெருவில் இருவர் சந்தித்துக்கொண்டால், "உங்க வீட்ல சோலார் போட்டாச்சா?" என்றுதான் கேட்டுக்கொள்கின்றனர். 'கதிரொளி மின்தகடு' என்று திருத்திச் சொல்லும் ஆசை நமக்கும் உண்டு. ஆனால் கேட்டவர் மின்கட்டணத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறார். சொல்லாய்வைப் பிறகு வைத்துக்கொண்டு, முதலில் அவருக்கு விடை கூறுவோம்.

சோலார் போடலாமா? போடலாம் என்பதே நம் கருத்து. ஆனால் குளிர்சாதனப் பெட்டி வாங்குவதுபோல் விலையையும் தவணையையும் மட்டும் பார்த்து வாங்கத் தகுந்த பொருளன்று அது. மனை வாங்குகிறவர் பத்திரம் பார்க்கிறார், எல்லை பார்க்கிறார், பக்கத்து மனைக்காரர் யாரென விசாரிக்கிறார். அவ்வளவு விசாரணையும் இதற்கும் வேண்டும். ஏனெனில் தகடு விற்போர் 25 ஆண்டுக்கால உத்தரவாதம் தருகின்றனர். 25 ஆண்டுகள் என்பது ஒரு குடும்பத்தில் ஒரு தலைமுறை.

1839இல் பிரெஞ்சு அறிஞர் எட்மண்ட் பெக்கரல், ஒளி பட்டால் மின்னோட்டம் பிறக்கும் என்பதைக் கண்டறிந்தார். 1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் சிலிக்கான் மின்கலம் உருவாயிற்று. தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு ஏறத்தாழ 6 பங்கையே அது மின்சாரமாக்கியது. இன்று கடையில் கிடைக்கும் நல்ல தகடுகள் 20 பங்கிற்கு மேல் ஆக்குகின்றன. தமிழக அரசு 2011இல் தொடங்கிய பசுமை வீடுகள் திட்டத்தில் 300 சதுர அடி வீட்டிற்கும் சோலார் விளக்கு வந்து சேர்ந்தது. 2024 பிப்ரவரியில் நடுவண் அரசு ஒரு கோடி வீடுகளை இலக்காகக் கொண்டு மானியத் திட்டம் ஒன்றை அறிவித்தது. அதன்படி 1 கிலோவாட்டிற்கு 30,000 ரூபாய். 2 கிலோவாட்டிற்கு 60,000. 3 கிலோவாட்டிற்கு 78,000. அதற்குமேல் எத்தனை கிலோவாட் பொருத்தினாலும் மானியம் 78,000தான்.

அத்திட்டத்தோடு 'மாதம் 300 யூனிட் வரை இலவசம்' என்னும் தொடரும் ஊரெங்கும் பரவிவிட்டது. இத்தொடரைப் படிக்கும் எளிய மனிதர், யாரோ 300 யூனிட் கொண்டுவந்து தருவதாகவே பொருள் கொள்கிறார். உண்மை அதுவன்று. நம் நாட்டு வெயிலில் 1 கிலோவாட் தகடு நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் அளவில் தரும். 3 கிலோவாட் பொருத்தினால் மாதம் ஏறத்தாழ 360 யூனிட். நம் பணத்தைப் போட்டு, நம் கூரையில், நாமே விளைவித்துக்கொள்ளும் மின்சாரம் அது. உழுது விதைத்தவன் வீட்டு நெல்லை இலவச நெல் என்று எவரும் சொல்வதில்லை.

தமிழகத்தில் வீடுகளுக்கு இரு மாதத்திற்கு ஒருமுறை மீட்டர் கணக்கெடுக்கப்படுகிறது. 2016 முதல், முதல் 100 யூனிட்டுக்குக் கட்டணமில்லை. இரு மாதத்தில் 200 யூனிட்டுக்குள் அடங்கிவிடும் சிறு குடும்பம் கடன் வாங்கிச் சோலார் போட வேண்டிய அவசரம் எதுவும் நமக்குத் தென்படவில்லை. குளிரூட்டியும் நீரேற்றும் மோட்டாரும் ஓயாது ஓடி, 700, 800 யூனிட் எனச் செலவாகும் வீட்டின் நிலை வேறு. பயன்பாடு ஏற ஏற யூனிட்டின் விலையும் ஏறுவதால், தகடு தரும் மின்சாரம் அந்த விலைமிக்க யூனிட்டுகளை முதலில் குறைக்கும். ஆகவே கடந்த ஓராண்டின் ஆறு மின்கட்டண அட்டவணைகளையும் எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் 5 கிலோவாட் போட்டார் என்பது நாமும் 5 போடுவதற்குக் காரணமாகாது. (கலியாணப் பந்தலில்தான் அந்தப் போட்டி என்று எண்ணியிருந்தோம், மொட்டை மாடிக்கும் ஏறிவிட்டது!)

விற்பனையாளர் பலர் தாமாக எடுத்துச் சொல்லாத செய்திகள் சில உள. மின்வாரியக் கம்பியோடு இணைந்த சாதாரண அமைப்பு, மின்வெட்டு வந்தால் நண்பகல் வெயிலிலும் தானே நின்றுவிடும். கம்பத்தில் ஏறிப் பழுது பார்க்கும் தொழிலாளியின் உயிரைக் காக்கும் ஏற்பாடு அது, குறையன்று. மின்வெட்டிலும் விளக்கெரிய வேண்டுமாயின் பேட்டரியும் அதற்குரிய இன்வெர்ட்டரும் தனியே வேண்டும், செலவும் தனி. மற்றொன்று, வெயில் மிகுந்தால் மின்சாரமும் மிகும் என்பது பாதி உண்மையே. தகட்டின் திறன் 25 பாகை வெப்பத்தில் கணக்கிடப்படுகிறது. அதற்குமேல் ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் நூற்றுக்கு 0.3 முதல் 0.4 வரை குறைகின்றது. சித்திரை மாதத்து மாடியில் தகடு 60 பாகை வரை சூடேறும். தகட்டுக்கு வேண்டியது ஒளி. சூடு அதற்குப் பகை.

அதனினும் பெரும் பகை நிழல். வாளியைக் கைமாற்றும் வரிசையில் ஒருவர் கை தளர்ந்தால் வரிசை முழுதும் தளர்வதுபோல, தொடராக இணைந்த தகடுகளில் ஒன்றன்மேல் தென்னங்கீற்றின் நிழல் விழுந்தாலும் விளைச்சல் பெரிதும் குன்றும். கடலோர ஊர்களில் உப்புக்காற்று தாங்குசட்டத்தையும் திருகாணிகளையும் அரிக்கும். துத்தநாகப் பூச்சில் சிக்கனம் பார்ப்பது கூடாது. வடகம் காய வைக்க இடம் வேண்டுமென்று தகட்டை ஆளுயரத்தில் தூக்கி நிறுத்துவோர், 2018 நவம்பரில் கஜா புயல் நாகை, தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் செய்ததை நினைவிற்கொண்டு அடித்தளத்தை வலுவாக்கட்டும். மேலும் காக்கை எச்சத்தையும் புழுதியையும் யார் ஏறிக் கழுவுவது? உவர்நீரால் கழுவினால் வெண்கறை படியும். இப்பணி வீட்டுப் பெண்கள் தலையிலேயே விழுந்துவிடாமல் முன்கூட்டியே முடிவு செய்துகொள்வது நன்று.

இனி நாம் பெரிதும் கவலை கொள்ளும் இடத்திற்கு வருவோம். கூரை யாருடையது?

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் மணமாகும் மகளுக்கு வீடளிக்கும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வருவதை அறிவோம். தனி மனை கிட்டாத இன்றைய நிலையில், இருக்கும் வீட்டின்மேல் மற்றொரு தளம் எழுப்புவதே பல குடும்பங்களுக்கு வழியாகின்றது. அங்ஙனமாயின் இன்றைய மொட்டை மாடி, நாளை இளைய மகளின் கூடம். அதன்மேல் 25 ஆண்டுப் பொருளைப் பதித்துவிட்டு, ஏழாம் ஆண்டில் கழற்றி மாற்றுவதென்றால் செலவும் சேதமும் யார் கணக்கில்? அண்ணன் தம்பியர் தளம் தளமாகப் பிரித்துக்கொண்ட வீடுகளிலும் இதே சிக்கல்தான். பாகப்பிரிவினைப் பத்திரத்தில் கிணற்றுக்கும் நடைபாதைக்கும் வரி உண்டு. மாடியில் விழும் வெயிலுக்கு இல்லை. வெளிநாட்டில் உழைக்கும் ஒருவர் பணம் அனுப்ப, மின் இணைப்போ மறைந்த பாட்டனார் பெயரிலேயே இருக்க, மானிய விண்ணப்பம் நிற்கிறது. முதலில் பெயர் மாற்றம், பிறகுதான் தகடு.

பக்கத்து வீட்டார் நாளை இரு தளம் உயர்த்தினால் என் செய்வது என்ற வினாவும் உண்டு. 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம், கட்டடத்திற்கு வரும் ஒளியையும் காற்றையும் 20 ஆண்டுகள் இடையறாது துய்த்தவருக்கு உரிமை அளிக்கின்றது. சோலார் தகட்டைக் கனவிலும் காணாத காலத்துச் சட்டம் அது. நேற்றுப் பொருத்திய தகட்டிற்கு 20 ஆண்டு வரலாறு ஏது? அதை நம்பி நீதிமன்றப் படியேறுவதைவிட, பொருத்தும் முன்னர் அண்டை வீட்டாரிடம் சென்று, "மேலே கட்டும் எண்ணம் உண்டா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடலாம்.

கூரையே இல்லாதவர் நிலையை நாம் பேசாதிருப்பது முறையாகாது. வாடகை வீட்டாரும் அடுக்குமாடிக் குடியிருப்பாரும் மின்கட்டணம் செலுத்துகின்றனர். மானியத் திட்டமோ மாடியுள்ளவரைத் தேடியே முதலில் வருகிறது. ஓரிடத்தில் விளையும் மின்சாரத்தைப் பல மீட்டர்களில் பங்கிட்டுக் கழிக்கும் முறைக்கு டெல்லி மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2019இலேயே வழி வகுத்தது. அத்தகைய முறை எங்கும் எளிதாகக் கிட்டும்வரை, இந்தத் திட்டம் பாதிப் பந்தியில் பரிமாறப்பட்ட விருந்தாகவே இருக்கும் என்போம்.

தமிழ்த்துறை மலரில் இவ்வளவு மின்கணக்கு எதற்கு என்று மூத்தோர் சிலர் வினவக்கூடும். நம் பார்வைக்கு வந்த உத்தரவாதப் பத்திரங்கள் ஒன்றுகூடத் தமிழில் இல்லை. கையொப்பமிட்ட குடும்பத் தலைவியர் அவற்றைப் படிக்க இயலாமலே இட்டிருக்கின்றனர். தகட்டிற்கு 25 ஆண்டு என்றால் இன்வெர்ட்டருக்கு எத்தனை ஆண்டு, பழுதானால் எத்தனை நாளில் ஆள் வரவேண்டும், ஆண்டுதோறும் விளைச்சல் எவ்வளவு குறைவது இயல்பு, தளம் எழுப்ப நேர்ந்தால் கழற்றி மாட்டும் செலவு என்ன, உடன்பிறந்தார் அனைவரும் இசைந்தனரா என்பவற்றைத் தெளிந்த தமிழில் ஒரே தாளில் அடக்கிவிடலாம். அத்தாளின் முதல் வரைவை வரும் கல்வியாண்டில் நம் துறை மாணவர்கள் எழுதட்டும். இயற்பியல் துறை நண்பர்கள் பிழை திருத்தித் தரட்டும். அச்சிடும் செலவை ஊர்ப் பெரியவர்களிடம் கேட்க நாம் தயங்கப் போவதில்லை.