கட்டிப் போட்டால் பழகிவிடுமா?



திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டையில் ஒரு சுற்று வந்து பாருங்கள். ஏதாவது ஒரு கம்பெனி கேட்டுக்குப் பக்கத்தில் நாட்டு நாய்க்குட்டி ஒன்று சணல் கயிற்றிலோ இரும்புச் சங்கிலியிலோ கட்டிக் கிடக்கும். கேட்டால், "கட்டிப் போட்டாத்தான் பழகும், பெருசானா காவலுக்கு ஆகும்" என்பார்கள். இந்தப் பேச்சைத்தான் மறுக்கிறேன்.

கட்டிப்போட்ட குட்டி பழகுவதில்லை, இழுத்து இழுத்து ஓய்ந்து போகிறது. நாம் அதைப் 'பழகிடுச்சு' என்கிறோம். ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பாடத்தில் வருமே, மெதுவாக ஏற்றும் சுமையைவிடத் திடீரென்று ஏற்றும் அதே சுமைக்குத் தகைவு இரண்டு மடங்கு என்று! (மற்ற பிராஞ்ச் நண்பர்கள் மன்னிக்க.) இரும்புக் கம்பிக்கே அப்படியென்றால் இரண்டு மாதக் குட்டியின் கழுத்துக்கு?

முதலில் லேசான துணி பெல்ட் மட்டும், இரண்டு விரல் நுழைகிற தளர்ச்சியில். சோறு வைக்கும்போது மாட்டி, தின்று முடித்ததும் கழற்றினால், பெல்ட் வந்தால் சோறு வரும் என்று குட்டியே கணக்குப் போட்டுக்கொள்ளும். சில நாள் கழித்து மெல்லிய கயிறு. நாம் பக்கத்தில் இருக்க, அது பாட்டுக்கு இழுத்துக்கொண்டு திரியட்டும். அப்புறம்தான் முனை நம் கைக்கு வர வேண்டும். அது இழுத்தால் நாம் இழுக்கக் கூடாது, அப்படியே நின்றுவிட வேண்டும். கயிறு தளர்ந்ததும் ஒரு பிஸ்கட் துண்டு, பிறகு நடை. வர மாட்டேன் என்று உட்கார்ந்தால் தரதரவென்று இழுக்காமல், குந்தி உட்கார்ந்து கூப்பிடுங்கள். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், அவ்ளோதான். வாரம் ஒருமுறை பெல்ட்டுக்குள் விரல் விட்டுப் பாருங்கள். குட்டி வளரும், கயிறு வளராது! கயிறு சதைக்குள் இறங்கிப் புழு வைத்த நாய்கள் உண்டு.

பிடித்தால் அடங்கி நிற்கப் பழக்குவது இதைவிட முக்கியம் என்பது என் கருத்து. மடியில் வைத்து, மார்பில் ஒரு கை கொடுத்து, காது, வாய், பாதம் எல்லாம் தினமும் தொட்டுப் பார்க்க வேண்டும். துள்ளினால் நசுக்காமல் தாங்கிப் பிடித்து, அடங்கிய நொடியிலேயே விட்டுவிட வேண்டும். மூன்று மாதத்தில் வெறிநாய்த் தடுப்பூசி போட வேண்டுமே! கை படாமல் வளர்ந்த நாயை யார் பிடிப்பது? கடித்துவிடும் என்ற பயத்திலேயே ஊசி தள்ளிப் போகும். ரேபிஸ் அறிகுறி வந்தபின் மனிதர் பிழைப்பது அநேகமாக இல்லை.

"அப்போ கயிறே வேண்டாம்னு சொல்றியா?" இல்லை. 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வீலர் நாய்கள் 5 வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. அவை கயிற்றில் இல்லை. கயிறு கட்டாயம் வேண்டும், அதன் மறுமுனையில் ஓர் ஆளும் வேண்டும். 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவும், நாயை எப்போதும் கட்டியே வைத்து நடக்க விடாமல் இருப்பது கொடுமை என்கிறது.

நாட்டு நாய்க்கு எதற்கு இதெல்லாம் என்பவர்களுக்கு: நம் ராஜபாளையத்துக்கு 2005இல் தபால்தலையே வந்தாயிற்று.

வாட்ச்மேன் அண்ணனைக் குறை சொல்லவில்லை. பன்னிரண்டு மணி நேர டூட்டியில், தன் டீ பிஸ்கட்டில் பாதியைக் குட்டிக்குப் போடுபவர் அவர்தான். காவலுக்கு நாய் வேண்டும் என்கிற முதலாளிதான் பெல்ட்டும் ஊசியும் தர வேண்டும். நம்மில் பலர் டிரெய்னிங் போவது இதே எஸ்டேட்டுக்குத்தான். லஞ்ச் நேரத்தில் ஐந்து நிமிடம் அந்தக் குட்டியை நடத்திக் கூட்டிப்போக, அண்ணனிடம் கேட்டுப் பாருங்கள்.