கணினிக்குள் ஒரு சிற்றில்

ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதி மூன்று பருவங்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பன. அவற்றுள் முதலதன் பொருள் தமிழ் கற்றார் யாவரும் அறிந்ததே. சிறுமியர் தெருமணலைக் குவித்து வீடு கட்டுகின்றனர். பாட்டுடைத் தலைவனாகிய சிறுவன் அதனைச் சிதைக்க வருகின்றான். ‘சிதையாதே’ என்று அவர்கள் இரந்து நிற்கின்றனர். பிள்ளைத்தமிழுக்கு நெடுங்காலம் முற்பட்ட கலித்தொகையிலும் மணல்வீட்டைக் காலால் அழித்த குறும்பன் ஒருவன் வருகின்றான். ஆண்டாளும் நாச்சியார் திருமொழியில் ஒரு திருமொழியையே இச்சிற்றிலுக்கு ஆக்கியிருக்கின்றார். வீடு கட்டி விளையாடுதல் மனித குலத்தின் மிகப் பழைய விளையாட்டுக்களுள் ஒன்று போலும். வீடு உள்ளவர் வீட்டுப் பிள்ளைக்கு அது வருங்காலத்திற்கு ஒரு பயிற்சி. வீடு இல்லாதவர் வீட்டுப் பிள்ளைக்கு அது யாது? இவ்வினாவை இப்பொழுது எழுப்புவதற்குக் காரணம் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு விளையாட்டுச் செய்தி.

‘வேர்ல்ட் ஒப் வோர்கிராப்ட்’ என்னும் இணையவழி விளையாட்டைக் கலிபோர்னியாவிலுள்ள பிளிசார்ட் கம்பனியார் 2004ஆம் ஆண்டு நவெம்பர் மாதத்தில் வெளியிட்டனர். ஆடுவோர் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்று, அசரொத் என்னும் கற்பனை உலகிற் புகுந்து, தம்மைப் போலவே உலகின் வேறு மூலைகளிலிருந்து புகுந்தவர்களோடு கூடிப் போர் செய்தும், பொருள் தேடியும், ஊர் சுற்றியும் பொழுது போக்குவர். 2010இல் இதற்குச் சந்தா செலுத்தி ஆடியோர் தொகை ஒரு கோடியே இருபது இலட்சத்தை எட்டியது. இரண்டாண்டுக்கு ஒருமுறை எனத்தக்க அளவில் இவ்வுலகிற்குப் புதிய நிலங்களும் புதிய கதையும் சேர்க்கின்றனர். அவ்வாறு சேர்ப்பனவற்றை ‘விரிவு’ எனலாம். 2024ஆம் ஆண்டு ஓகஸ்டில் பத்தாவது விரிவு வந்தது. அதனையடுத்த பதினோராவது, ‘மிட்நைட்’, அதாவது நள்ளிரவு என்னும் பெயரினது. அது மூன்று பாகங்களாக அமைத்த பெருங்கதை ஒன்றின் நடுப்பாகம்.

பாத்திரம் ஏற்று ஆடுதல் என்றவுடன் நம் ஆசிரியர்கள் சிலர் முகஞ் சுளிப்பர். ஆயினும் மலையகத்தில் வாழும் நமக்கு இது புதுமையன்று. மாசி மாதத்து அமாவாசை கழிந்ததும் காமன் கம்பம் ஊன்றி, பௌர்ணமியையொட்டிக் காமனை எரிக்கும் வரை நம் தோட்டங்களிலே நடைபெறுவது என்ன? பகலிற் கவ்வாத்து வெட்டும் இளைஞன் இரவில் மன்மதன் ஆகின்றான். அவன் தோழன் பெண்வேடம் புனைந்து இரதியாகின்றான். விரதம் காத்து வேடம் பூண்ட அவ்விருவரையும் வாசலுக்கு வரும்பொழுது ஊரார் தெய்வமாகவே கொள்கின்றனர். தப்பொலிக்கு நடுவே கதையை ஆடுவோரும் காண்போரும் சேர்ந்தே நடத்துகின்றனர், இறுதியில் எரிவது யார், அழுவது யார் என்பது எல்லோருக்கும் முன்பே தெரியும், தெரிந்தும் அழுகின்றனர். கணினி விளையாட்டில் பாத்திரம் ஏற்பவன் தன் பெயரை மறைத்து எங்கோ தனியே அமர்ந்திருக்கின்றான். காமன் கூத்தில் வேடம் புனைபவனை அறியாதவர் அத்தோட்டத்தில் ஒருவரும் இலர். இவ்வேறுபாடு பெரிதே. எனினும், வேறொருவனாகச் சில நாழிகை வாழ்ந்து பார்க்க வேண்டும் என்ற வேட்கை இரண்டிற்கும் பொது.

மிட்நைட்டின் கதையைப் பற்றி நீளக் கூற வேண்டுவதில்லை. சலதாத் என்னும் இருள்மகள் ஒளிச்சுனை ஒன்றைக் கவரப் படையெடுக்கின்றாள். பகைமை கொண்டிருந்த குலங்கள் அதனைக் காக்க ஒன்றுபடுகின்றன. நம் புராணங்களில் ஊறியவர்க்கு இதில் வியப்பொன்றும் இராது. சில்வர்மூன் என்னும் நகர் 2007இல் வந்த முதல் விரிவிலிருந்தே பாதி இடிந்த நிலையிற் கிடந்தது. அதனை இப்பொழுது புதுக்கி அகலித்திருக்கின்றனர். பழைய மாணவர் ஒருவரின் கணினித் திரையிலே அந்நகரின் பொன்வண்ணக் கோபுரங்களைக் கண்டபொழுது, பதினெட்டு ஆண்டுகளுக்கு மேலாக ஓர் இடிபாட்டினூடே நடந்து பழகியவர்கள் அது எழுந்து நிற்பதைக் கண்டு ஏன் மகிழ்கின்றனர் என்பது விளங்கிற்று. கூளத்தை அகற்றி ஓர் ஊரை மீளக் கட்டுதல் கற்பனையிலும் மனத்திற்கு இதமளிப்பதே. பாத்திரத்தின் தரம் தொண்ணூறு வரை உயரலாம், புதிய குலம் ஒன்று சேர்ந்திருக்கின்றது என்பன போன்ற செய்திகளை அவற்றில் ஈடுபாடு உடையவர்களுக்கே விட்டுவிடுவோம்.

நாம் ஆழ்ந்து நோக்க வேண்டியது வீடு. இருபதாண்டுகளாக இவ்விளையாட்டில் ஒருவருக்கும் சொந்த வீடு இருந்ததில்லை. எல்லாரும் சத்திரங்களிலே தங்கினர். வீடு வேண்டும் என்ற கோரிக்கை நெடுநாளையது. மிட்நைட் விரிவோடு அது நிறைவேறியது. முன்கூட்டியே பணம் செலுத்தியவர்களுக்கு 2025 டிசெம்பர்த் தொடக்கத்திலேயே கதவு திறக்கப்பட்டது. ஓர் அயலகத்தில் ஏறத்தாழ ஐம்பது மனைகள். ஒவ்வொரு மனைக்கும் இலக்கம் உண்டு. ஆடுவோன் விரும்பிய மனையைத் தெரிந்து, அறைகளைக் கூட்டியும் குறைத்தும் அடுக்கி, நாற்காலி முதல் விளக்கு வரை தன் மனம்போல் வைத்துக்கொள்ளலாம். அயலார் கூடிச் செய்யும் பொதுப்பணிகளும் உண்டு. இவ்வமைப்பை அறிவித்தபொழுது கம்பனியார் கூறிய கொள்கை கவனிக்கத்தக்கது: வீடு வேண்டுவோர் அனைவருக்கும் வீடு உண்டு, அளவிறந்த விலை இல்லை, குலுக்கல் இல்லை, சில காலம் ஆடாமல் இருந்தாலும் வீடு பறிபோகாது.

விளையாட்டு வீட்டிற்கு இத்துணை உறுதிமொழி எதற்கு என்று கேட்கலாம். அதற்கு ஒரு வரலாறு உண்டு. 1997இல் வெளியான ‘அல்டிமா ஒன்லைன்’ என்னும் விளையாட்டில் வெற்றுநிலம் கண்டவிடமெல்லாம் வீடு கட்ட இடமளித்தனர். சிறிது காலத்திலேயே நிலம் தீர்ந்தது. முன்னர் வந்தோர் நிலக்கிழார் ஆயினர். பின்னர் வந்தோர் அவ்விளையாட்டு வீடுகளை மெய்யான டொலர் கொடுத்து வாங்கினர். ஜப்பானியரின் ‘பைனல் பாண்டசி 14’ என்னும் விளையாட்டிலோ மனைகள் எண்ணப்பட்டவை. 2022 முதல் அவற்றைக் குலுக்கல் முறையில் அளிக்கின்றனர். பெற்றவன் நாற்பத்தைந்து நாள் தன் வீட்டு வாயிலை மிதியாது விடின், வீடு இடிக்கப்பட்டு மனை பிறர்க்குப் போகும். இவ்விதிக்கு அஞ்சி, ஆட மனமில்லாத காலத்தும் சந்தா கட்டி, வீட்டிற்குள் ஒருமுறை நுழைந்து வெளியேறுவோர் உளர். கற்பனை நிலத்துக்கு எல்லை இல்லை. கணினியில் ஒரு மலையைப் படைத்தவனுக்கு மற்றொரு மலையைப் படைத்தல் அரிதன்று. எனினும் அங்கும் தட்டுப்பாட்டை மனிதனே வலிந்து உண்டாக்கினான். கிடைத்தற்கு அரியதே விலையுடையது என்ற எண்ணம் அத்துணை ஆழமாக நம்முள் வேரூன்றியுள்ளது.

ஆடாதவனுக்கு வீடில்லை என்னும் அவ்விதியைப் படிக்கும்பொழுது லுணுகலைப் பகுதியில் வாழும் எவருக்கும் வேறொரு விதி நினைவிற்கு வராது போகாது. பசறையிலிருந்து பிபிலை நோக்கிச் செல்லும் பாதையின் இருமருங்கும் அடாவத்தை, ஹொப்டன் முதலிய தோட்டங்களிலே நிற்கும் லயங்களைக் காண்க. பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவிலான காம்பராக்களே அவற்றின் பழைய அமைப்பு. காம்பரா தொழிலோடு பிணைந்தது. குடும்பத்தில் ஒருவரேனும் தோட்டத்திற் பெயர் பதிந்து வேலை செய்யும் வரையே அதில் குடியிருக்கலாம் என்பது நெடுங்கால வழக்கு. நிலம் தோட்டத்தினுடையது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் தனியார் கம்பனிகளுக்குச் சென்றது. உரிமையாளர் மாறினர், காம்பராவிற் குடியிருந்தோர் மட்டும் உரிமையாளர் ஆகவில்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் பறிபோன குடியுரிமை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு ஒருவாறு மீண்டது. நிலவுரிமை அவ்வாறு மீளவில்லை. 2015ஐ அடுத்து 7 பேர்ச் காணியில் தனிவீடு என்னும் திட்டம் பேசப்பட்டது. 7 பேர்ச் என்பது ஏறத்தாழ 1,900 சதுர அடி. 2017 மே மாதத்தில் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் முன்னைய நாலாயிரத்தின் மேலும் பத்தாயிரம் வீடுகளை அறிவித்தார். 2025 ஒக்டோபரிலும் பண்டாரவளையில் வீட்டுரிமை வழங்கும் விழா ஒன்று நிகழ்ந்தது. அங்கு கொடுத்த பத்திரம் சட்டப்படியான காணி உறுதிதானா என்ற கேள்வி உடனே எழுந்தது. இரு நூற்றாண்டு காத்திருந்தவர்கள் கேட்கும் இக்கேள்வியை நன்றியின்மை என்று சிலர் ஏசினர். அது நன்றியின்மையன்று, ஓலையை எழுத்தெண்ணிப் படித்தல் என்க.

பின்னர் வந்தது நவெம்பர். மாத இறுதியில் டித்வா சூறாவளி தீவைக் கடந்தது. நாடெங்கும் அறுநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மண்சரிவினாற் பெருந்துயர் அடைந்த மாவட்டங்களுள் பதுளையும் ஒன்று. கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் மலை சரிந்து லயங்களை மூடியதை மறவாத மக்கள், மீண்டும் மண்ணின் ஒலியைக் கேட்டனர். அவ்வாரம் கழிவதற்குள், கடலுக்கு அப்பால் ஆயிரக்கணக்கானோர் தம் கணினிக்குள் மனை பிடித்து, சாளரத்துக்கு எந்தத் திரை பொருந்தும் என்று ஆய்ந்துகொண்டிருந்தனர். இதனால் அவர்களைக் குறை கூறுதல் நம் கருத்தன்று. இரண்டும் ஒரே வாரத்தில் நிகழ்ந்தன. இரண்டையும் ஒருங்கு வைத்துப் பார்க்க வாய்த்தவர்கள் நாம். சிற்றிலைச் சிதைக்கும் கால் பிள்ளைத்தமிழில் குழந்தையினுடையது. மெய்யான மலையிலோ இரக்க ஆளில்லை.

இவ்விளையாட்டு நம் பிள்ளைகளுக்கு எட்டாதது என்பதையும் கூறியாக வேண்டும். மாதச் சந்தா 14.99 டொலர், அஃதாவது ஏறக்குறைய 4,500 ரூபா. 2024இல் தோட்டத் தொழிலாளருக்கு நிர்ணயித்த அடிப்படை நாட்சம்பளமாகிய 1,350 ரூபாக் கணக்கிற் பார்த்தால் மூன்று நாள் உழைப்பினும் மிகுதி. விரிவுக்குத் தனி விலை. இதனை இயக்கவல்ல கணினிக்கோ சொல்ல வேண்டா. ஆதலின் நம் மாணவர் கைத்தொலைபேசியில் இலவசமாக வரும் துப்பாக்கி விளையாட்டுக்களையே ஆடுகின்றனர். அவற்றில் வீடு உண்டு. ஆனால் அது ஒளிந்திருந்து சுடுவதற்கு உரிய இடம். ஒரு பிள்ளை நாள்தோறும் நூறு வீடுகளுள் நுழைந்து ஒன்றிலேனும் அடுப்பு மூட்டாது வெளியேறுவது எனக்கு மனச்சங்கடம் தருவது. வெடியொலியினும் இதுவே என்னை உறுத்துகின்றது.

பிளிசார்ட் கம்பனியாரின் கொடையும் முற்றும் கலப்பற்றதன்று. வீட்டுப் பொருள்களிற் பெரும்பாலன ஆடிப் பெறக்கூடியன எனினும், சிலவற்றை ‘ஹார்த்ஸ்டீல்’ என்னும் தனிநாணயத்தாலேயே வாங்கலாம். அந்நாணயத்தை மெய்ப்பணம் கொடுத்துப் பெற வேண்டும். பணத்தை முதலில் வேறொரு நாணயமாக மாற்றிவிட்டால் செலவின் அளவு கண்ணுக்குப் புலப்படாது. தோட்டக் கடையில் துண்டெழுதிச் சாமான் வாங்கிப் பழகிய நம் முன்னோர்க்கு இவ்வுத்தியை எவரும் விளக்க வேண்டியிராது. ஆடுவோருள்ளும் பலர் இதனைக் கண்டித்தனர். இன்னொன்று, இவ்வுலகில் ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு, உருசியம், கொரியம், சீனம் முதலியன வழங்குகின்றன. தமிழும் இல்லை, இந்திய மொழி வேறெதுவும் இல்லை.

தமிழில் வீட்டைப் பற்றி ஒரு கணினி விளையாட்டுத் தோன்றாமலும் இல்லை. 2023இல் கனடாவிலுள்ள தமிழர் ஆக்கிய ‘வெண்பா’ என்பது அது. ஈற்றடி முச்சீராய் முடியும் யாப்பன்று, அதன் நாயகியின் பெயர்! தமிழகத்திலிருந்து 1980களில் குடிபெயர்ந்த ஒரு குடும்பம், கிழிந்த சமையற் குறிப்பேடு ஒன்றைக் கொண்டு இட்டலியும் புட்டும் ஆக்க முயல்வதே ஆட்டம். மறைந்துபோன எழுத்துக்களை ஊகித்து நிரப்ப வேண்டும். ஏடு பார்த்துப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் கண்டிருந்தால் புன்முறுவல் பூத்திருப்பார். அதற்கு 2024இல் பிரித்தானிய பாப்டா விருதும் கிடைத்தது. மகன் தாய்மொழியை விட்டு விலகுவதும் தாய் காத்திருப்பதும் அங்கே சமையலறை வழியாகவே தெரியவருகின்றன. மலையகத்துக் கதையை அவ்வாறு ஆக்க வல்லார் நம் மாணவருள் இல்லாமற் போகார். லயத்து அடுப்பங்கரையில் அதற்கான பொருள் நிறைய உண்டு.

விளையாட்டைப் பழிப்பதும் புகழ்வதும் எளிது. அதனை ஆக்கியோர் மனித மனத்தில் எதனைக் கண்டு விலைபேசினர் என்று நோக்குதலே ஆசிரியர்க்குப் பயன் தரும். போரும் வெற்றியும் இருபதாண்டுகள் அளித்த பின்னரும் மக்கள் கேட்டது ஒரு கதவு, ஒரு விளக்கு, அடுத்த வீட்டில் அறிந்த முகம். அவற்றோடு ஓர் இலக்கமும். இவ்விலக்கத்தை அற்பமென எண்ணற்க. நம் லயங்களில் வாழ்வோர் பலருக்குத் தனி முகவரி இல்லை. கடிதம் தோட்டத்தின் பெயருக்கு வந்து, தோட்டக் கந்தோரிற் கிடந்து, எவரேனும் எடுத்து வந்தால் உரியவர் கையைச் சேரும். நேர்முகப் பரீட்சைக்கு அழைத்த கடிதம் நாள் கடந்து வந்தது என்று சொல்லும் இளைஞரை இங்கு எந்தத் தோட்டத்திலும் காணலாம். கணினிக்குள் மனை பிடித்த என் பழைய மாணவருக்கு முதல் நாளிலேயே இலக்கம் கிடைத்துவிட்டது. லயத்தில் இருக்கும் அவர் பெற்றோருக்கு வரும் கடிதம் இன்னும் கந்தோருக்கே போகின்றது.