அட்டையில் அச்சிட்ட டெசிபல்

வால்வு ஆம்ப் வாங்கியிருக்கிறேன், என்ன ஸ்பீக்கர் போடலாம் என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வருகிறது. "சென்சிடிவிட்டி எவ்வளவுன்னு பாருங்க. 90 டெசிபலுக்குக் கீழே தொடாதீங்க." சென்னை ரிச்சி தெருவின் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் கேட்டாலும் இதுதான். லட்சங்களில் விலை சொல்லும் ஷோரூமில் கேட்டாலும் இதுதான். வால்வுக்கு வாட்ஸ் கம்மி, ஆகவே கொஞ்சம் வாட்ஸில் அதிகம் சத்தம் போடும் ஸ்பீக்கர் வேண்டும் என்பது கணக்கு. கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது. இந்தப் பாதி நியாயம்தான் பலருடைய பணத்தையும் பாட்டையும் கெடுத்துக்கொண்டிருக்கிறது.

போன மாதம் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். பன்னிரண்டுக்குப் பதினாலு அடி அறை. 300பி வால்வு ஒன்றை வைத்துக் கட்டிய, ஃபீட்பேக் (வெளியீட்டில் கொஞ்சத்தைத் திருப்பி உள்ளே விட்டுப் பிழை திருத்தும் ஏற்பாடு) இல்லாத ஆம்ப். சானலுக்கு 8 வாட்ஸ். ஆசையாகச் சேர்த்த பணத்தில் வாங்கியது. கடைக்காரர் யோசனைப்படி அதற்கு ஜோடியாக, ஆளுக்கு இரண்டு வூஃபர் வைத்த உயரமான ஸ்பீக்கர்கள். அட்டைப்பெட்டியில் 93 டெசிபல் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. ஒரு கச்சேரிப் பதிவைப் போட்டார். மிருதங்கத்தின் தொப்பி விழும்போதெல்லாம் ஓசை முடியவேண்டிய இடத்தில் முடியாமல் இழுத்துக்கொண்டு போனது. பாடகரின் குரலில் அடிக்கனம் போய், ஓர் அடி பின்னால் நின்று பாடுவதுபோல் இருந்தது. "இதுக்கும் போதலை போல, 97 டெசிபல்ல ஒரு ஹார்ன் ஸ்பீக்கர் சொல்றாங்க சார், மாத்திடலாமான்னு பாக்கறேன்" என்றார். வயிறு எரிந்தது. சத்தம் போதாமல் அவர் தவிக்கவில்லை. அந்த அறைக்கு 8 வாட்ஸ் தாராளம். நோய் வேறு இடத்தில் இருந்தது.

ஓம் என்பது மின்சாரத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் மறுப்பின் அளவு. 8 ஓம் என்று பின்பக்கம் எழுதியிருக்கும் ஸ்பீக்கர் எல்லாச் சுருதிக்கும் 8 ஓம் காட்டுவதில்லை. பாஸ் பகுதியில் 30, 40 ஓம் வரை ஏறும். வேறோரிடத்தில் 4, 3 என்று இறங்கும். 8 ஓம் என்று சொன்னால் எந்த இடத்திலும் 6.4 ஓமுக்குக் கீழே போகக்கூடாது என்று சர்வதேசத் தரவிதி இருக்கிறது. அதை மதிக்காத ஸ்பீக்கர்கள் சந்தையில் ஏராளம். டிரான்சிஸ்டர் ஆம்புக்கு இந்த ஏற்ற இறக்கம் பெரிய விஷயமில்லை. அதன் உள்மறுப்பு, அதாவது ஆம்ப் தனக்குள்ளேயே வைத்திருக்கும் மறுப்பு, 0.1 ஓமுக்கும் கீழே. ஸ்பீக்கர் 30 ஓம் காட்டினாலும் 4 ஓம் காட்டினாலும் ஏறக்குறைய ஒரே வோல்ட்டைக் கொடுத்துவிடும். ஃபீட்பேக் இல்லாத 300பி ஆம்பின் உள்மறுப்போ 2, 3 ஓம். அங்கே ஸ்பீக்கரின் மேடும் பள்ளமும் அப்படியே பாட்டின் மேடும் பள்ளமுமாகிவிடும்.

நண்பரின் ஸ்பீக்கரை அன்று மாலையே அளந்தோம். பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஒரு சாதாரண டிரான்சிஸ்டர் ஆம்ப், சுருதி எழுப்பப் போனில் ஓர் ஆப், 1000 ஓம் ரெசிஸ்டர் ஒன்று, ஒரு மல்டிமீட்டர். (இதற்கு வால்வு ஆம்பைப் பயன்படுத்தக் கூடாது. சரியான லோடு இல்லாமல் ஓட்டினால் அதன் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடக்கூடும்.) ஆம்பிலிருந்து 5 வோல்ட், ரெசிஸ்டர் வழியாக ஸ்பீக்கருக்கு. ஸ்பீக்கரின் இரண்டு முனையிலும் மீட்டர் காட்டும் மில்லிவோல்ட்டை ஐந்தால் வகுத்தால் ஓம் வந்துவிடும். முதலில் 10 ஓம் ரெசிஸ்டரை வைத்து 50 மில்லிவோல்ட் காட்டுகிறதா என்று சரிபார்த்துக்கொண்டோம். மலிவு மீட்டர்கள் சில நூறு ஹெர்ட்ஸுக்கு மேலே பொய் சொல்லும். ஆனால் நமக்கு வேண்டிய தகராறு அதற்குக் கீழேதான் இருந்தது. 62 ஹெர்ட்ஸில் 155 மில்லிவோல்ட், அதாவது 31 ஓம். 180 ஹெர்ட்ஸில் 18 மில்லிவோல்ட்: 3.6 ஓம். நண்பர் மீட்டரைத் தட்டித் தட்டிப் பார்த்தார். முள்ளில்லாத மீட்டரைத் தட்டி என்ன பயன், எண் மாறவில்லை.

3 ஓம் உள்மறுப்புள்ள ஆம்பில் இதைச் செருகினால் அந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே நாலரை டெசிபல் வித்தியாசம் விழும். டிரான்சிஸ்டர் ஆம்பில் கால் டெசிபல்கூட வராது. தொப்பி வீங்கியதும் குரல் ஒடுங்கியதும் இதனால்தான். ஸ்பீக்கர் கூம்பின் ஆட்டத்தை இழுத்து நிறுத்தும் பிடியும் உள்மறுப்பு ஏறினால் தளரும். ஓசை இழுபட்டது அதனால்.

என்னை உண்மையில் கோபப்படுத்துவது அடுத்த விஷயம். அந்த 93 எங்கிருந்து வந்தது? டெசிபலை அளக்கும்போது பெரும்பாலும் 2.83 வோல்ட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளக்கிறார்கள். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் என்றால் 1 வாட். 4 ஓம் ஸ்பீக்கருக்கு அதே வோல்ட் 2 வாட். 87 டெசிபல் தரும் 8 ஓம் வூஃபர்கள் இரண்டைப் பக்கம் பக்கமாக இணைத்தால் மறுப்பு 4 ஓமாகிவிடும், எண் 93 ஆகிவிடும். கூடிய ஆறில் மூன்று, இரண்டு மடங்கு மின்சாரத்தை உறிஞ்சியதால் வந்தது. டிரான்சிஸ்டர் ஆம்ப் அந்த மின்சாரத்தைக் கொடுத்துவிடும். வால்வு ஆம்பால் முடியாது. 8 வாட்ஸ் என்றால் எந்த லோடுக்கும் அதிகபட்சம் 8 வாட்ஸ்தான். ஆக, வால்வுக்காகவே என்று கூவி விற்கும் அந்த எண்ணை உயர்த்திய அதே வித்தைதான் ஸ்பீக்கரை வால்வுக்கு ஆகாததாக ஆக்கியது. வாங்குகிறவர் எதைத் தேடிப் போகிறாரோ அதுவே அவரைக் குழியில் தள்ளுகிறது.

அட்டை எண்ணைச் சந்தேகிக்க இன்னொரு காரணமும் உண்டு. சின்னப் பெட்டி, ஆழமான பாஸ், அதிக டெசிபல், இந்த மூன்றில் எந்த இரண்டை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், மூன்றும் சேர்ந்து கிடைக்காது. இதற்கு ஹாஃப்மன் இரும்பு விதி என்று பெயர். அமெரிக்காவின் கேஎல்எச் கம்பெனிப் பெயரிலுள்ள எச் அந்த ஹாஃப்மன்தான். புத்தக அலமாரியில் அடங்குகிற பெட்டியில் ஆழமான பாஸும் 93 டெசிபலும் இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், அந்த இரண்டில் ஒன்று பொய்.

சரி, டெசிபல் குறைந்த ஸ்பீக்கர் வால்வில் பாடுமா? பிபிசி தன் ஒலிப்பதிவு வண்டிகளுக்காக 1970களில் உருவாக்கிய எல்எஸ் 3/5ஏ என்ற சின்ன ஸ்பீக்கரைப் பாருங்கள். டெசிபல் 82, 83தான். எந்தக் கடைக்காரரும் வால்வுக்குச் சிபாரிசு செய்யமாட்டார். ஆனால் அதன் முதல் வடிவம் 15 ஓம், பின்னால் வந்தது 11 ஓம். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் 16 ஓம் முனையில் சுகமாக உட்காரும். ஐம்பது வருஷமாக வால்வுப் பிரியர்கள் அதைத் தேடித் தேடி வாங்குகிறார்கள். இன்னொன்று, பீட்டர் வாக்கர் என்ற பொறியாளர் 1957இல் கொண்டுவந்த குவாட் எலெக்ட்ரோஸ்டாட்டிக் ஸ்பீக்கர். சத்தத்தில் சாது. மறுப்போ பாஸில் 30 ஓம்வரை ஏறி, உச்ச சுருதியில் 2 ஓம் பக்கம் இறங்குகிற முரட்டுப் பிள்ளை. ஆனால் அதற்கு ஜோடியாக நின்ற, அவரே செய்த ஆம்ப், கேடி66 வால்வுகள் போட்ட குவாட் 2, வெறும் 15 வாட்ஸ். அந்த ஆம்பில் ஃபீட்பேக் போட்டு உள்மறுப்பைக் குறைத்திருந்தார். மறுப்பு அடியோடு இறங்குகிற உச்ச சுருதியில் பாட்டுக்கு அதிகச் சக்தி தேவைப்படுவதும் இல்லை. இரண்டையும் ஒருவரே கையில் வைத்துக்கொண்டு யோசித்தார், ஜோடி பொருந்தியது.

வால்வு ஆம்ப் என்று ஒரே சாதியாகப் பேசுவதும் தப்பு. 1947இல் வில்லியம்சன் என்பவர் வெளியிட்ட ஆம்ப் வகையில் ஃபீட்பேக் தாராளமாக உண்டு. ஸ்பீக்கரின் ஏற்ற இறக்கத்தை ஓரளவு அடக்கி ஆளும். நம் ஊரில் பழைய ரேடியோக்களைப் பிரித்து, பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸின் ஈஎல்84 வால்வுகளை எடுத்து ஜோடியாகப் போட்டுக் கட்டிய செட்கள் 12 வாட்ஸ் பக்கம் தரும்; ஒழுங்காக ஃபீட்பேக் கொடுத்திருந்தால் அவை சாதாரண 86, 87 டெசிபல் ஸ்பீக்கரையும் அழகாகப் பாடவைக்கும். ஃபீட்பேக் இல்லாத ஒற்றை 300பியிடம் அந்தச் சாமர்த்தியம் இல்லை.

டெசிபல் முக்கியமே இல்லை என்று நான் வாதிடவில்லை. 2ஏ3 வால்வு ஒன்றில் மூன்றரை வாட்ஸ் வரும் ஆம்பை 82 டெசிபல் ஸ்பீக்கரோடு பெரிய ஹாலில் வைத்தால் திணறத்தான் செய்யும். ஆனால் டெசிபல் போதாது என்ற இந்தப் பயம் பிறந்த இடம் நம் வீட்டு அறையல்ல. 1930களில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனி 300ஏ, 300பி வால்வுகளைச் சினிமாக் கொட்டகைகளுக்காகச் செய்தது. அந்தச் சொற்ப வாட்ஸில் பெரிய அரங்கை நிரப்ப ஆள் உயர ஹார்ன்கள் வேண்டியிருந்தன. அந்த ஹார்ன் எதற்கு வந்தது என்ற காரணத்தை விட்டுவிட்டு எண்ணை மட்டும் தூக்கிக்கொண்டு வந்து, பன்னிரண்டடி அறையில் எட்டடி தள்ளி உட்காருகிறவர் தலையில் கட்டுகிறார்கள். டெசிபலில் 3 கூடினால் பாதி வாட்ஸ் மிச்சம், அவ்வளவுதான். 180 ஹெர்ட்ஸில் விழுந்த பள்ளத்தை அந்த மிச்சம் நிரப்பாது.

ஆகவே கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி: எந்தச் சுருதியில் எத்தனை ஓம் என்ற வரைபடம் இருக்கிறதா? அந்தக் கோடு 6 ஓமுக்குக் கீழே இறங்காமல், பெரிய ஆட்டமில்லாமல் போகிறதா? டெசிபல் அதற்கு அடுத்த கேள்வி. லட்ச ரூபாய்க்குப் பொருள் விற்கிறவர் இந்த ஒரு தாளைக் காட்டக் கடமைப்பட்டவர். தயாரித்தவர் அளக்காமல் விற்கவில்லை. தாள் இருக்கிறது, கொடுக்கத்தான் மனமில்லை.

நண்பர் அன்று ஹார்ன் வாங்கப் போகவில்லை. ஆம்பின் பின்னால் 8 என்று குறித்த முனையில் இருந்த வயர்களைக் கழற்றி 4 என்ற முனைக்கு மாற்றினோம். அதற்கு முன்னால் ஆம்பை அணைத்து வால்வு ஆறும்வரை காத்திருந்தோம். அந்த முனையில் உள்மறுப்பு பாதியாகிவிடும். நாலரை டெசிபல் மேடுபள்ளம் இரண்டரைக்கு வந்துவிடும். சத்தம் கொஞ்சம் இறங்கும் என்று சொல்லியிருந்தேன், வால்யூமை ஒரு கோடு கூட்டிக்கொண்டார். அதே பதிவு. பாடகர் ஓர் அடி முன்னால் வந்து உட்கார்ந்தார். இழுப்பு முழுக்கப் போகவில்லை, போகவும் போகாது, அந்த ஸ்பீக்கர் அந்த ஆம்புக்குப் பிறந்ததல்ல. ஆனால் தனி ஆவர்த்தனத்தில் தொப்பியின் ஒவ்வொரு அடியும் அடுத்த அடிக்கு இடம் விட்டு விழுந்தது. நண்பர் ஸ்க்ரூடிரைவரைக் கையில் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்து முழுவதும் கேட்டார்.