ஊருக்குப் போன நாட்களும் பிரசாவுரிமை விண்ணப்பமும்

கடந்த சில வாரங்களாக எமக்கு வந்த மடல்களில் ஒரே வினாவே வெவ்வேறு உருவில் கேட்கப்பட்டிருக்கின்றது. தாயாரின் நோயை முன்னிட்டு மூன்று மாதம் ஊரில் தங்க நேர்ந்த அன்பர் ஒருவர், தாம் இனிப் பிரித்தானியப் பிரசாவுரிமைக்கு விண்ணப்பிக்கலாமா என ஈஸ்ட்ஹாமிலிருந்து கேட்கிறார். இரண்டு பிள்ளைகளின் தாயான ஹரோ வாசகி ஒருவர், ஆண்டுதோறும் பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளை ஊருக்கு அழைத்துச் செல்வது பிற்காலத்தில் தடையாகுமா என அஞ்சுகிறார். கனடாவில் உள்ள தமையனார் ஒரு கணக்குச் சொல்லுகிறார், இங்குள்ள நண்பர் வேறொரு கணக்குச் சொல்லுகிறார், எதை நம்புவது என்பது மூன்றாமவரின் முறைப்பாடு. தனித்தனியே பதில் எழுதுவதிலும் இவ்வாரப் பத்தியை இதற்கே ஒதுக்குவது நன்று என எண்ணினோம்.

முதலில் கனடாக் கணக்கை ஒதுக்கி வைப்போம். அங்கே எண்ணப்படுவது நாட்டில் இருந்த நாட்கள். விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்திய ஐந்து ஆண்டுகளில் 1,095 நாட்கள் கனடா மண்ணில் நின்றிருக்க வேண்டும் என்பது 2017 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்த விதி. இங்கே எண்ணப்படுவது நாட்டில் இல்லாத நாட்கள். அங்குள்ளவர் ஐந்தாண்டில் எழுநூறு நாள் வெளியே நின்றும் தப்பிக் கொள்வார். அதே எழுநூறு நாள் இங்கே ஒருவரை வீழ்த்திவிடும். ஸ்காபரோவிலிருந்து தொலைபேசியில் வரும் அறிவுரை அன்பினால் வருவதே. ஆயினும் அது அந்நாட்டுக்கு உரியது.

பிரித்தானியாவில் இவ்விடயத்தை ஆள்வது 1981 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம். நிரந்தர வதிவிட உரிமை பெற்று ஓராண்டு கழிந்த ஒருவர், விண்ணப்ப நாளுக்கு முந்திய ஐந்து ஆண்டுகளில் 450 நாட்களுக்கு மேல் நாட்டுக்கு வெளியே நின்றிருக்கலாகாது. அந்த 450 இற்குள்ளேயே இன்னொரு கட்டுப்பாடும் உண்டு: கடைசி 12 மாதங்களில் 90 நாட்களுக்கு மேல் வெளியே நின்றிருக்கலாகாது. பிரித்தானியப் பிரசையை மணந்தவருக்கு ஐந்து ஆண்டு மூன்று ஆண்டாகவும் 450 நாள் 270 ஆகவும் குறையும். வதிவிட உரிமை பெற்றபின் ஓராண்டு காத்திருக்கவும் வேண்டியதில்லை. ஆனால் கடைசி ஆண்டின் 90 நாள் அவருக்கும் அப்படியே உண்டு. எம்மவர் பலர் 450 ஐ மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டு 90 ஐ மறந்துவிடுகின்றனர். பெரும்பாலான இடர்ப்பாடு இந்தச் சிறிய எண்ணிலேதான் பிறக்கின்றது.

நாட்களை எண்ணும் முறையில் ஒரு சலுகை இருக்கின்றது. புறப்படும் நாளும் திரும்பி வந்திறங்கும் நாளும் வெளியே நின்ற நாட்களாகக் கொள்ளப்படுவதில்லை; இடைப்பட்ட முழு நாட்களே எண்ணப்படும். வெள்ளிக்கிழமை மாலை பாரிஸுக்குப் போய் லா சப்பலில் நகை வாங்கி, சனிக்கிழமை இரவே திரும்பியவர் கணக்கின்படி எங்கும் போகாதவர். ஞாயிறு திரும்பினால் ஒரு நாள். ஆனால் ஜேர்மனியிலும் பிரான்சிலும் உறவினர் நிறைந்திருக்கும் குடும்பங்களில் கலியாணம், பூப்புனித நீராட்டு, தேர்த்திருவிழா என்று போய்வரும் இந்தச் சிறு பயணங்கள் ஐந்து ஆண்டில் ஐம்பது அறுபது நாளாகிவிடும். அவை 'பயணம்' என்று எவர் மனத்திலும் பதிவதில்லை. விண்ணப்பப் படிவமோ எல்லாவற்றையும் கேட்கின்றது.

கணக்கு எமது பாடமன்று. நாம் படிப்பித்தது தமிழும் சரித்திரமும். இருப்பினும் ஒரு கணக்கைக் கரும்பலகையில் எழுதிப் பார்ப்போம். ஒருவர் தந்தையாரின் மரணச் செய்தி கேட்டு 2025 ஜனவரி 10 ஆம் நாள் புறப்படுகிறார். எட்டுச் செலவு முடிந்ததும் வந்துவிடலாம் என்றுதான் நினைக்கிறார். மூத்த மகன் அந்தியேட்டிக்கு நில்லாமல் போவதா என்று ஊர் கேட்கும். முப்பத்தோராம் நாள் கிரியை முடித்துப் பெப்ரவரி 13 இல் வந்திறங்குகிறார். முழு நாட்கள் 33. கோடை விடுமுறையில் மனைவி பிள்ளைகளுடன் மீண்டும் பயணம். ஜூலை 20 இல் போய் செப்டெம்பர் 1 இல் வருகிறார். முழு நாட்கள் 42. மார்கழியில் சென்னையில் தங்கையின் திருமணம். டிசம்பர் 20 இல் போய் 2026 ஜனவரி 9 இல் வருகிறார். முழு நாட்கள் 19. மூன்றையும் கூட்டினால் 94. வந்த மறுநாளே, ஜனவரி 10 இல், விண்ணப்பத்தை அனுப்புவாராயின் அவர் நான்கு நாளால் விதியை மீறியவர்.

ஆனால் இந்த 12 மாதம் ஆண்டுக் கணக்கல்ல. விண்ணப்ப நாளிலிருந்து பின்னோக்கி எண்ணப்படுவது. அவர் ஒரு நாள் பொறுத்தால் முந்திய ஜனவரியில் ஊரில் நின்ற நாட்களில் ஒன்று கணக்கிலிருந்து உதிரும். ஒரு வாரம் பொறுத்தாலே 90 இற்குள் வந்துவிடுவார். பெப்ரவரி 13 வரை பொறுத்தாராயின், தந்தையாரின் கிரியைக்குச் சென்ற 33 நாளும் முழுதாக விலகி, மிஞ்சுவது 61. ஒரு மாதப் பொறுமைக்கு ஈடாக ஐயமற்ற விண்ணப்பம்! இவ்வளவு எளிய வழி இருக்க, 'போட்டுப் பார்ப்போம், கிடைத்தால் கிடைக்கட்டும்' என்று அவசரப்படுவோரை நாம் ஏற்பதற்கில்லை. கட்டணம் 1,500 பவுணுக்கு மேல். மறுக்கப்பட்டால், வைபவத்துக்கெனச் செலுத்திய சிறு பகுதியைத் தவிர அது திரும்பி வராது. மேன்முறையீட்டு உரிமையும் இல்லை. முடிவை மீளாய்வு செய்யும்படி கேட்கலாம், அல்லது நீதிமன்ற மீளாய்வுக்குப் போகலாம், அவ்வளவே.

அதிகாரிகளுக்குச் சிறிது விட்டுக்கொடுக்கும் அதிகாரமும் உண்டு. மற்ற நிபந்தனைகள் நிறைவாயிருந்தால், கடைசி ஆண்டில் 100 நாள் வரையும், ஐந்தாண்டில் 480 நாள் வரையும் வழமையாகப் பொருட்படுத்தப்படுவதில்லை. அதற்கு மேற்போனால், வீடு, குடும்பம், தொழில், உடைமை யாவும் இந்நாட்டிலேயே வேரூன்றியிருப்பதைக் காட்ட வேண்டும். ஐந்துக்குப் பதில் ஏழு, எட்டு ஆண்டுகள் இங்கு வாழ்ந்திருப்பதும் எதிர்பார்க்கப்படும். தந்தை இறந்தார், தாய் நோயுற்றார் என்பதற்காக நாட்கள் கணக்கிலிருந்து தாமாக நீங்கிவிடா. ஈஸ்ட்ஹாம் அன்பர் இதனைக் கருத்திற் கொள்வாராக. அவரது மூன்று மாதம் முழு நாட்களில் 90 ஐத் தாண்டாதிருப்பின், அவ்வாண்டில் வேறு பயணமும் இல்லையெனின், அவர் அஞ்சுவதற்கு ஏதுமில்லை. தாண்டியிருப்பின் சில வாரம் பொறுக்கட்டும்.

ஹரோ வாசகியின் கோடைப் பயணங்கள் தம்மளவில் தடையல்ல. ஆறு வார விடுமுறை முழுவதும் ஐந்து ஆண்டும் ஊரில் நின்றாலும் 210 நாளே ஆகும். ஆனால் வேறொரு பொறி அங்கே உண்டு. ஐந்தாண்டுக் காலம் தொடங்கும் நாளில் விண்ணப்பதாரர் இந்நாட்டில் உடலால் நின்றிருக்க வேண்டும் என்பது சட்டம். நல்லூர்த் திருவிழாவுக்கு ஆவணியில் தவறாது போகும் குடும்பத்தவர் ஒருவர், ஓகஸ்ட் மாதத்திலே விண்ணப்பத்தை அனுப்பினால், ஐந்து ஆண்டுக்கு முந்திய அதே நாளில் அவர் எங்கே நின்றார்? நல்லூர் வீதியில். 2022 இல் வந்த சட்டத் திருத்தத்தின் பின் இதனை விட்டுக்கொடுக்க அமைச்சுக்கு அதிகாரம் கிடைத்துள்ளது. ஆயினும் ஒக்டோபரில் விண்ணப்பித்தால் தீரும் காரியத்துக்கு எவருடைய தயவையும் நாடுவானேன்?

இதுவரை சொன்னவை எண்ணிக்கை பற்றியவை. ஊருக்குப் போவதையே ஆபத்தாக்கும் விடயம் ஒன்று உண்டு. அது அகதி அந்தஸ்துப் பெற்றவர்களைப் பற்றியது. எம்மவரில் இருவகையினர் உள்ளனர். 2006 இற்குப் பின் தேங்கிக் கிடந்த பழைய கோவைகள் முடிக்கப்பட்டபோது வதிவிட உரிமை பெற்றோர் பலர், அகதியாக ஏற்கப்படாமலே அதனைப் பெற்றவர்கள். குடும்ப இணைவில் வந்த துணைவர் பலரும் இலங்கைக் கடவுச்சீட்டுடனேயே வாழ்கின்றனர். இவர்களுக்கு ஊர்ப்பயணம் நாட்கணக்கு மட்டுமே. ஆனால் 1951 ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின்படி அகதியாக ஏற்கப்பட்டவர், தாம் எந்த நாட்டை அஞ்சி வந்தாரோ அந்த நாட்டின் கடவுச்சீட்டை மீண்டும் பெற்று அங்கே போய்வந்தால், அந்நாட்டின் பாதுகாப்பைத் தாமாகவே நாடியவர் என்று கொள்ளப்படலாம். அகதி அந்தஸ்து நீக்கப்படலாம். நிரந்தர வதிவிட உரிமை கிடைத்துவிட்டதே என்று ஆறுதல் கொள்வதற்கும் இல்லை. 2002 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 76 ஆம் பிரிவு அதனையும் மீளப் பெற இடமளிக்கின்றது. கனடாவில் இது இன்னும் கடுமை: 2012 இல் கொண்டுவரப்பட்ட மாற்றத்தின் பின், இவ்வாறு அகதி அந்தஸ்து நீங்கினால் நிரந்தர வதிவிடமும் கூடவே போய்விடும்.

நீல நிறப் பயணப் பத்திரத்திலே இலங்கைக்குச் செல்லுபடியாகாது என்று அச்சிடப்பட்டிருப்பதன் பொருள் இதுவே. அந்த ஒரு வரியினால்தான் எம்மவரின் திருமணங்கள் திருச்சியிலும் சென்னையிலும் நடந்தன. யாழ்ப்பாணத்திலிருந்து பெற்றோர் அங்கு வர, இலண்டனிலிருந்து பிள்ளை அங்கு போக, வாடகை வீட்டில் ஒரு மாதம் கூடி வாழ்ந்து பிரிந்தனர். தாயின் முகத்தைக் கடைசியாக விமான நிலையக் கண்ணாடிக்கு அப்பால் கண்டவர்கள் எம்மிடையே அனேகர். 2002 ஏப்ரலில் ஏ-9 பாதை திறந்தபோது பலர் புறப்பட்டுப் போனதும், 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டபோது பலரின் மனம் அலைந்ததும் எமக்கு விளங்காதவையல்ல. போகாதீர் என்று ஒருவரைத் தடுக்க எமக்கு நா எழாது. ஆயினும் அகதி அந்தஸ்துடையவர் பிரசாவுரிமை பெற்றபின் போவதே பாதுகாப்பு. அதற்குமுன் போயே ஆகவேண்டிய நிலை வந்தால், பயணச்சீட்டு வாங்குமுன் சட்டத்தரணியைக் காணுதல் வேண்டும். வந்தபின் காண்பதிற் பயன் குறைவு.

போனதை மறைக்கலாம் என்று சிலர் தேநீர்க்கடை ஆலோசனை வழங்குகின்றனராம். துபாய் வழியாகப் போனால் தெரியாது, கொழும்பு முத்திரை வேறு கடவுச்சீட்டில் இருக்கிறது என்றெல்லாம். 2015 ஏப்ரல் தொடக்கம் இந்நாட்டை விட்டு வெளியேறுவோரின் விபரங்கள் விமான, கப்பல், ரயில் நிறுவனங்களிடமிருந்து உள்துறை அமைச்சுக்குப் போகின்றன. படிவத்தில் பொய் எழுதியது கண்டறியப்பட்டால், நன்னடத்தை இல்லை என்ற பெயரில் வழமையாகப் பத்து ஆண்டுக்குப் பிரசாவுரிமை மறுக்கப்படும். மறந்துபோய் விட்ட ஒரு பாரிஸ் ஞாயிற்றுக்கும், மறைத்த ஒரு மாதத்துக்கும் வேறுபாடு உண்டு என்பதை அதிகாரி அறிவார். ஆனால் அதை நிரூபிக்கும் பாரம் உங்களுடையது.

நன்னடத்தை என்றதும் இன்னொன்று. 2025 பெப்ரவரி 10 இற்குப் பின்னர் விண்ணப்பிப்போரில், சட்டத்துக்குப் புறம்பாக இந்நாட்டினுள் நுழைந்தவர்கள், எத்தனை ஆண்டு கழிந்திருப்பினும் வழமையாக மறுக்கப்படுவர் என்று அமைச்சின் வழிகாட்டியில் சேர்க்கப்பட்டது. அகதிகளுக்கு இது பேரிடி. இவ்வகையில் வந்தவர்கள் நாட்கணக்கைப் பார்க்குமுன் இதற்கான ஆலோசனையைப் பெற வேண்டும். வதிவிட உரிமைக்கான காலத்தை நீட்டும் யோசனைகளையும் அரசு 2025 நவம்பரில் வெளியிட்டது; ஆகவே பழைய நண்பரின் அனுபவத்தை வைத்து எவரும் முடிவெடுத்தல் ஆகாது.

விண்ணப்பித்தபின் பயணம் போகலாமா? போகலாம், நாட்கணக்கு விண்ணப்ப நாளோடு நின்றுவிடும். கைரேகை கொடுக்கும் நாளை மட்டும் தவறவிடக் கூடாது. அனுமதிக் கடிதம் வந்தால் மூன்று மாதத்துக்குள் பிரசாவுரிமை வைபவத்திற் பங்குபற்ற வேண்டும். (இவ்வைபவம் இந்நாட்டில் முதன்முதல் 2004 பெப்ரவரி 26 இல் நடந்தது எம்மவர் செறிந்து வாழும் பிரென்ற் நகரமண்டபத்திலேயே.) வைபவம் முடிந்த கையோடு விமானம் ஏறவும் வேண்டாம், பிரித்தானியக் கடவுச்சீட்டு கைக்கு வரட்டும்.

பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெற்றோருக்கு வதிவிட உரிமை கிடைக்குமுன் இங்கு பிறந்த பிள்ளை, முதற் பத்து ஆண்டுகளை இங்கேயே கழித்தால் தன் உரிமையாகவே பிரசாவுரிமைக்குப் பதியலாம். ஆனால் அப்பத்தில் ஒவ்வோர் ஆண்டிலும் 90 நாளுக்கு மேல் வெளியே நின்றிருத்தல் ஆகாது. இருவரும் வேலைக்குப் போக வேண்டும் என்று கைக்குழந்தையை ஓராண்டு அம்மம்மாவிடம் அனுப்பும் வழக்கம் எம்மிடம் உண்டு. விலக்களிக்க அதிகாரம் இருக்கின்றது. எனினும் அந்த ஓராண்டைப் பத்து வருடம் கழித்து விளக்க வேண்டிவரும். வதிவிட உரிமை பெற்ற முதியோர், ஊரில் இளைப்பாறப் போய் இரண்டு ஆண்டுக்கு மேல் தொடர்ந்து நின்றால் அவ்வுரிமை அற்றுப்போகும் என்பதையும் பிள்ளைகள் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு ஒரு கொப்பி வாங்கி, ஆளுக்கொரு பக்கம் ஒதுக்கி, போன நாள், வந்த நாள், இடம், காரணம் நான்கையும் எழுதி வையுங்கள். காலாவதியான கடவுச்சீட்டையும் பயணப் பத்திரத்தையும் எறிந்துவிடாதீர்கள். பணம் பெற்று ஆலோசனை சொல்வோர் சட்டத்தரணியாகவோ, குடிவரவு ஆலோசனை அதிகாரசபையிற் பதியப்பட்டவராகவோ இருக்க வேண்டும். பதிவு உண்டா என்று கேட்பது மரியாதைக் குறைவன்று. எமக்கு எழுதும் அன்பர்கள் பயணத் திகதிகளையும், வதிவிட உரிமை பெற்ற திகதியையும், அது எவ்வகையிற் கிடைத்தது என்பதையும் குறிப்பிட்டால் பதில் கூறுவது இலகு. கடவுச்சீட்டுப் பிரதிகளை அனுப்ப வேண்டாம்.